பொம்பெயி போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியில் நேபிள்ஸ் நகருக்கு அருகே இருக்கும் பழைய ரோமானிய ஊரான பொம்பெயியைச் சுற்றிப் பார்த்துவிட்டு அன்று மாலையே ரோமுக்கு ரயிலேறிவிடுகிறவர்கள் நிறையப் பேர். என்னைக் கேட்டால், தவறுகளில் பெரியது அதுதான். பொம்பெயியில் இருப்பது வீடு. வீட்டுச் சாமான்கள் நேபிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஊர் பொம்பெயி. 1748-இல் தோண்டத் தொடங்கியவர்கள், நல்ல ஓவியங்களைச் சுவரிலிருந்து வெட்டியெடுத்து நேபிள்ஸ் அரசரின் சேகரிப்புக்குக் கொண்டுபோனார்கள். பல அறைகளில் சுவர் நடுவே சதுரமாக ஒரு வெற்றிடம் தெரிவது அதனால்தான். 'இங்கே ஒன்றும் இல்லையே' என்று நகர்ந்துவிடாதீர்கள். ஃபானின் வீடு என்ற மாளிகையின் தரையில் அலெக்சாந்தரும் பாரசீக மன்னன் தாரியசும் மோதும் கல்பதி ஓவியம் இருக்கிறது. அது நகல். மூலம் நேபிள்ஸுக்குப் போய்விட்டது. சில மில்லிமீட்டர் அளவுள்ள கற்களை அடுக்கிச் செய்த அந்த ஓவியத்தில், கீழே விழுந்த பாரசீக வீரன் ஒருவனின் முகம் கேடயத்தில் பிரதிபலிக்கிறது. சாகப்போகிறவன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எதை முதலில் பார்ப்பது? முதல் நாள் பொம்பெயி, அப்புறம் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியான கூடத்தில் நின்றுவிட்டு வந்தால்தான், அந்தக் கூடத்தில் இருந்த பொருளைப் பார்க்கும்போது மனது ஒட்டும். ஆனால் திங்கள், செவ்வாய் என்று திட்டம் போட்டுவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

ரயிலிலும் தவறு நடக்கிறது. நேபிள்ஸ் கரிபால்தி நிலையத்தில் சிர்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலில் சொரெந்தோ வழித்தடத்தைப் பிடித்து, 'பொம்பெய் ஸ்காவி' நிறுத்தத்தில் இறங்க வேண்டும். 'ஸ்காவி' என்றால் அகழாய்வு. அந்தச் சொல்லைப் பார்க்காமல் வேறு வழித்தடத்தில் ஏறினால், இன்றைய பொம்பெய் ஊரில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். நுழைவுச்சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று வரம்பு வைத்து, சீட்டில் பெயரும் போடுகிறார்கள். அதனால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

'இரண்டு மணி நேரம் போதும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏறத்தாழ 66 ஹெக்டேர் பரப்புள்ள ஊர், அதிலும் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மண்ணுக்கடியில்தான். அவசரமாகப் போகிறவர்கள் ஊர்மக்கள் கூடும் இடமாக இருந்த மன்றச் சதுக்கத்தோடு திரும்பிவிடுவார்கள். ஊர் மதிலுக்கு வெளியே இருக்கும் மர்மங்களின் மாளிகையை விட்டுவிடுவார்கள். சிவப்புப் பின்னணியில் ஆளுயர ஓவியங்கள் அந்தச் சுவரிலேயே இருக்கின்றன. வெட்டியெடுக்காமல் விட்ட இடம் என்பதற்காகவே நான் அங்கே நெடுநேரம் நின்றேன்.

தெருவையும் பாருங்கள். வண்டிச் சக்கரம் ஓடி ஓடிக் கல்லில் பள்ளம் விழுந்திருக்கிறது. தெரு முனைத் தண்ணீர்த் தொட்டிகளின் விளிம்பில் ஓரிடம் மட்டும் வழவழவென்று குழிந்திருக்கும். ஒரு கையை ஊன்றிக் குனிந்து தண்ணீர் குடித்தவர்கள் தேய்த்த இடம் அது. தெருக்களில் இப்போதும் குடிநீர் வருகிறது, வெறும் பாட்டில் கொண்டுபோனால் போதும். நிழல் மிகக் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் போனால் காலையில் திறந்தவுடன் நுழைந்துவிடுவது நல்லது. கரடுமுரடான எரிமலைக்கல் பாதை என்பதால் செருப்பு சரிப்படாது, ஷூதான்.

அரை நாள்தான் இருக்கிறதா? அப்படியானால் பொம்பெயியை அரைகுறையாகப் பார்க்காமல், அதே எரிமலை மூடிய இன்னோர் ஊரான ஹெர்குலேனியம் போங்கள். சின்ன ஊர். கருகின மர உத்தரமும் கதவும் மாடியும் அங்கே அப்படியே நிற்கின்றன.

அருங்காட்சியகத்தில் 'இரகசிய அறை' என்ற பகுதியைக் கூச்சப்பட்டுத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. பாலுறவுச் சித்திரங்களுக்குப் பெயர்போன அறைதான். ஆனால் 1938-இல் பொம்பெயி வீடொன்றில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலையும் அங்கேதான் இருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்று மேல் உயரம். லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், யட்சி என்கிற ஆய்வாளர்களும் உண்டு. கழுத்திலும் கையிலும் நகை, இரு பக்கமும் இரண்டு சிறு தோழிகள். கி.பி. 79-க்கு முன்பே கடல் கடந்து போய், அந்தச் சாம்பலுக்கடியில் கிடந்தவள் அவள்.