ஓட்டிப் பாராத கையேடு: ரெக்னிக்கல் ரைட்டர் வேலைக்குப் போகிறவர்கள் விடும் பிழைகள்

வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படித்துவிட்டு, வீட்டிலிருந்தே மென்பொருள் கையேடு எழுதலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இது. எழுத்துப்பிழை, இலக்கணம் பற்றிப் பேசப்போவதில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் அதை மெசினே திருத்துகிறது. வெறும் நல்ல வசனத்துக்குச் சம்பளம் கிடைப்பதும் அரிதாகிவிட்டது.

ஓட்டிப் பார்க்காமல் எழுதுவது

எரிச்சல் தருவது இதுதான். விண்ணப்பிக்கிறவர்கள் மாதிரிக்கு ஒரு நிறுவல் கையேடு அனுப்புவார்கள். வசனம் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவது கட்டளையில் கணினி நின்றுவிடும். எழுதியவரின் லப்டொப்பில் கிட் (பைல்களில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கிற மென்பொருள்), நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டுவது) எல்லாம் எப்போதோ ஏறியிருக்கும், அதனால் அவற்றைச் சொல்லவேண்டும் என்ற நினைவே வராது. இல்லாவிட்டால், ஏஐ தந்த கட்டளையில் இல்லாத ஒப்ஷன் ஒன்று செருகியிருக்கும்.

உதாரணத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினை எடுங்கள். 3ஆம் படி: ‘இஞ்சினை ஸ்டார்ட் செய்க.’ 4ஆம் படி: ‘அதற்கு முன் பம்புக்குள் தண்ணீர் நிரப்புக.’ வசனத்தில் பிழையே இல்லை. அந்த ஒழுங்கில் செய்கிற கமக்காரருக்குப் பம்ப் காய்ந்து ஓடி, சீல் கருகும். வாசிக்கிறவர் தாண்டிப் போய்விடுவார். கையால் செய்கிறவர்தான் பிடிப்பார்.

ஒன்றும் ஏறாத வேர்ச்சுவல் மெசின் (உங்கள் கணினிக்குள்ளேயே ஓடுகிற இன்னொரு கணினி) ஒன்றை உருவாக்கி, அந்த வெறும் நிலையிலேயே ஒரு ஸ்னப்ஷொட் (பிறகு திரும்பிப் போகக்கூடிய பதிவு) எடுத்து வையுங்கள். (இறக்கச் சில ஜிபி டேட்டா போகும், ஒருமுறைதான்.) நினைவிலிருந்து தட்டாமல், கையேட்டிலிருந்தே ஒவ்வொரு கட்டளையையும் கொப்பி பண்ணி ஒட்டுங்கள். நின்ற இடத்தில் எழுத்தைத் திருத்தி, ஸ்னப்ஷொட்டுக்குத் திரும்பி, முதலிலிருந்து ஓட்டுங்கள். பாதியிலிருந்து தொடர்ந்தால், முன்பு ஏறியது மறைவில் உதவிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு படிக்குக் கீழும் திரையில் வரவேண்டியதை எழுதுங்கள். எச்சரிக்கை படிக்கு மேலே. சோதித்த பதிப்பும் திகதியும் தலைப்பின் கீழ்.

பிறகு விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் நீங்கள் விட்ட ஒரு வரி.

வேர்ட் மட்டும் தெரிவது

மார்க்டவுன் (சாதாரண எழுத்திலேயே தலைப்பு, பட்டியல் எல்லாம் குறிக்கிற முறை), கிட் பழகாமல் விண்ணப்பிக்கவேண்டாம்.

சான்றிதழுக்குக் காசு கட்டுவது

இந்தத் துறைக்குச் சான்றிதழ் கொடுத்துவந்த, 1953 முதல் இருந்த அமெரிக்கச் சங்கமான சொசைட்டி ஃபோர் ரெக்னிக்கல் கொமியூனிகேஷனே 2025 ஜனவரியில் மூடுவதாக அறிவித்தது. கூகுளின் ரெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம்.

நீள வசனம்

விமானத்துறையின் எளிய ஆங்கில விதியில் செய்முறை வசனத்துக்குக் கூடியது 20 சொல்தான்.

‘விளங்கப்படுத்துங்கோ’ என்று பொறியியலாளரிடம் போவது

முதலில் ஓட்டிப் பாருங்கள். ‘2ஆம் படியில் 401 வருகிறது, டோக்கன் எந்த ஹெடரில் போகவேண்டும்?’ என்று கேட்டால் பதில் ஒரு வரியில் வரும். (401 என்பது அடையாளம் உறுதியாகாதபோது சேவர் திருப்புகிற பிழை எண்; டோக்கன் அந்த அடையாளச் சாவி; ஹெடர் கோரிக்கையின் தலைப்பகுதி.) மற்றக் கேள்விக்குப் பழைய பைல் ஒன்றின் லிங்க்தான் வரும்.