குட்டி எடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் நாய்க்குட்டி எடுக்கப் போகிறவர்கள் துணைக்கு என்னையும் கூப்பிடுவது வழக்கம். ஆரம்ப காலத்தில் நாங்கள் எதையெல்லாம் செய்து கையைச் சுட்டுக்கொண்டோமோ, அதையே புதிதாக வாங்குகிறவர்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். போனில் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பி ஏமாறுவது, வீட்டில் யாரையும் கேட்காமல் தூக்கி வருவது, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன். குட்டிகள் இருக்கும் இடத்துக்கு நேரில் போய் நின்ற பிறகும் நடக்கிற தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நகம் எண்ணுவது

வேண்டாம். முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு என மொத்தம் 18 நகம். சில குட்டிகளுக்குப் பின்னங்காலில் கூடுதலாக ஒவ்வொன்று இருந்து 20 ஆகும். ராசிக்கும் காவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காதைப் பிடித்துத் தூக்கி, கத்தாத குட்டிதான் வீரமானது என்று சொல்வதும் அப்படித்தான். அதனால் குட்டிக்கு வலிதான் மிச்சம்.

முப்பது நாள் குட்டியைத் தூக்கி வருவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நம் பக்கத்தில் குட்டி வியாபாரம் பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து நாளில் முடிந்துவிடுகிறது. “சின்னதுல எடுத்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்” என்பது வாங்குகிறவர்களின் நம்பிக்கை. விற்கிறவர் இதை மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஏன் மறுக்கப் போகிறார்? முதல் மூன்று வாரம் எல்லாவற்றையும் தாயே பார்த்துக்கொள்ளும். பால் கொடுக்கும், குட்டிகளின் மலத்தையும் நக்கிச் சுத்தம் செய்துவிடும். குட்டிகள் வேறு தீனி தின்னத் தொடங்கியதும் தாய் அந்த வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தீனி, பூச்சி மருந்து, தினமும் தரை கழுவுவது, முதல் தடுப்பூசி என்று எல்லாம் விற்கிறவர் தலையில். நோய் வந்து குட்டி போனாலும் நஷ்டம் அவருக்குத்தான். முப்பதாம் நாளில் கைமாற்றிவிட்டால் அத்தனையும் வாங்கியவர் தலைக்கு மாறிவிடும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். ஆச்சி மட்டும் ஒரு துணை ஆளோடு இருக்கிறார்கள். வீட்டுக் காவலுக்கு ராஜபாளையம் குட்டி ஒன்று வேண்டும் என்று மகன் யாரோ தரகர் மூலம் ஏற்பாடு செய்துவிட்டார். குட்டி அட்டைப்பெட்டியில் வந்து இறங்கிய பிறகுதான் எனக்குப் போன் வந்தது. போய் மடியில் வைத்து உதட்டை ஒதுக்கிப் பார்த்தேன். முன்பற்கள் அரிசி நுனி அளவுக்கு எட்டிப் பார்த்தன. கடைவாய்ப் பக்கம் விரலை விட்டால் வெறும் ஈறு. 45 நாள் என்று சொல்லி விற்ற குட்டிக்கு ஒரு மாதம்கூட முழுதாக ஆகியிருக்காது.

“ஆச்சி, இதைத் தாய்கிட்டயே நாலு வாரம் விட்டுட்டு அப்புறம் எடுத்துக்கலாம்” என்றேன்.

“வந்த உசிரைத் திருப்பி அனுப்புறதாப்பா? நான் பாத்துக்குறேன்” என்றார்கள்.

பார்த்துக்கொள்ளவும் செய்தார்கள். அவர்கள் அக்கறையில் குறையே இல்லை. ஆனால் பாக்கெட் பால் ஒத்துக்கொள்ளாமல் கழிச்சல் கண்டு, ஊசியும் டிரிப்ஸும் ஏற்றித்தான் குட்டி பிழைத்தது. பிழைத்ததே என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

நாலைந்து வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடிக்கொண்டே இருக்கும். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது வீலென்று கத்தி விளையாட்டை விட்டு விலகிவிடும். பால் குடிக்கும்போது கடித்தால் தாய் உறுமி எழுந்து போய்விடும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்ற கணக்கு அந்த வாரங்களில்தான் படிகிறது. ஆச்சி வீட்டுக் குட்டிக்கு அது கிடைக்கவே இல்லை. வளர்ந்த பிறகு விளையாட்டாகக் கவ்வினாலே ரத்தம் வந்தது. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு வந்திருந்த பேரப்பிள்ளை ஒருவனுக்குக் கையில் தையல் போட வேண்டியதாயிற்று. அன்றைக்கு வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் சங்கிலி போட்டார்கள், இன்றும் அவிழ்க்கவில்லை. நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கிற நாய்க்கு மனிதர்கள் மேல் பயமும் கோபமும் சேர்ந்து வளரும். இப்போது துணை ஆளைத் தவிர யாரையும் கிட்டே சேர்ப்பதில்லை. அந்த நாய் மேல் ஒரு குற்றமும் கிடையாது. நாலு வாரம் பொறுக்காததற்கு அது ஆயுள் முழுக்க அனுபவிக்கிறது.

“சின்னதில் எடுத்தால்தான் ஒட்டும்” என்பது தவறான கணக்கு. குட்டி மனிதர்களோடும் புதுச் சத்தம், புது இடத்தோடும் எளிதில் பழகுகிற காலம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 12 முதல் 14 வாரம் வரை போகும். எட்டு வாரத்தில் எடுத்தாலும் அதில் ஒரு மாதமாவது உங்களுக்குக் கிடைக்கிறது. அது தாராளமாகப் போதும்.

இது சட்டமும்கூட. மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும்.

வயது விஷயத்தில் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், பல்லைப் பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்குப் பால்பற்கள் 28ம் ஏறக்குறைய வந்திருக்கும். கடைவாய் வெறுமையாக இருந்தால் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அது சின்னக் குட்டிதான்.

“இப்ப எடுக்கலைன்னா வேற ஆளு கொண்டுபோயிருவாரு” என்று அவசரப்படுத்துவார்கள். அதற்கு நான் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: “அண்ணே, முன்பணம் இந்தாங்க. எட்டு வாரம் வரைக்கும் தீனிச் செலவு, ஊசிச் செலவு நான் தர்றேன். தாய்கிட்டயே இருக்கட்டும்.” நல்லவராக இருந்தால் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார். காசு கொடுத்தும் வைத்துக்கொள்ள மறுக்கிறவரிடம் குட்டி எடுக்க வேண்டாம்.

தாயைப் பார்க்காமல் பேரம் பேசுவது

“தாய் கடிக்கும், உள்ளே கட்டியிருக்கோம்” என்றால், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். பயந்த சுபாவமும் வெறித்தனமும் தாயிடமிருந்து குட்டிக்கு இறங்கக்கூடும். குட்டியைக் காக்க உறுமுவது வேறு. சொந்தக்காரர் பக்கத்தில் நின்று சமாதானம் சொல்லியும் அடங்காமல் பாய்வதும், மூலையில் ஒடுங்கி நடுங்குவதும் வேறு.

காட்டுகிற நாய் உண்மையிலேயே தாய்தானா என்றும் பாருங்கள். குட்டி போட்டு ஐந்தாறு வாரம் ஆன பெட்டையின் பால்காம்புகள் தொங்கிக்கொண்டிருக்கும், உடம்பு கொஞ்சம் வற்றியிருக்கும். வயிறு ஒட்டி, காம்பு சுருங்கி, பளபளவென்று ஒரு நாய் வந்து நின்றால் அது வேறு எவருடைய தாயோ. வெளியிலிருந்து குட்டிகளை மொத்தமாக வாங்கி விற்கிற இடங்களில் இப்படி நடக்கிறது.

வெள்ளைக் குட்டியின் காதைச் சோதிக்காமல் விடுவது

ராஜபாளையம் நாய்க்கு நம் பக்கத்தில் தனி மரியாதை உண்டு. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நாய் இனங்களில் அதுவும் ஒன்று. பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு என்று கேட்டு வாங்குகிறார்கள். அந்த வெள்ளையோடு வருகிற ஒரு குறைதான் செவிடு. உடம்புக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். டால்மேஷன் இனத்திலும் இதே கதைதான்.

குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது கைதட்டிப் பார்ப்பதில் பயனில்லை. மற்றவை திரும்பினால் செவிட்டுக் குட்டியும் சேர்ந்து திரும்பும். ஒவ்வொரு குட்டியாகத் தனியே கொண்டுபோக வேண்டும். தூங்கும்போது பார்ப்பது இன்னும் நல்லது. தலைக்குப் பின்னால், அதன் கண்ணில் படாமல் இரண்டு மூன்று அடி தள்ளி உட்கார்ந்து, பிளாஸ்டிக் பையை மெதுவாகக் கசக்குங்கள். காலால் தரையைத் தட்டாதீர்கள், சாவிக்கொத்தைப் போடாதீர்கள். அதிர்வு வயிற்றில் தெரிந்து விழித்துவிடும். முகத்தருகே கைதட்டினால் காற்று படும். கேட்கிற குட்டி என்றால் முதலில் காதுமடல் துடிக்கும், அப்புறம் தலை திரும்பும். இரண்டு மூன்று முறை செய்தும் அசைவே இல்லையென்றால் டாக்டரிடம் காட்டாமல் எடுக்காதீர்கள். ஒரு காது மட்டும் செவிடானால் இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு மூளைக்குப் போகும் மின் அலையை அளக்கும் பேயர் (BAER) சோதனை வேண்டும். அதை ஐந்து வாரத்துக்கு முன் செய்து பயனில்லை. முப்பது நாள் குட்டி வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊசி அட்டையை மட்டும் நம்புவது

அட்டையில் தேதியும் கையெழுத்தும் இருந்தால் போதாது. மருந்துப் புட்டியின் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும், டாக்டரின் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். முதல் ஊசி பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போடுவது. “முப்பது நாள்ல எல்லா ஊசியும் போட்டாச்சு” என்று யாராவது சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டாம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும் வரை ஊசி சரியாக வேலை செய்யாது. அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

அந்த இடத்தில் முந்தைய ஈற்றுக் குட்டிகள் ரத்தக் கழிச்சலில் செத்தனவா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அந்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பினாயில் ஊற்றிக் கழுவினால் சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டும். விற்கிறவர் பினாயில் வாசனையோடு “எல்லாம் சுத்தமா கழுவிட்டோம்” என்றால் ஏமாற வேண்டாம்.

உப்பிய வயிற்றைக் கொழுப்பு என்று நினைப்பது

பூச்சி. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் குட்டிக்கு வரும். வயிறு உப்பி, முதுகெலும்பு தட்டுப்பட்டால் மருந்து கொடுக்கவில்லை என்று பொருள்.

ஓடி வந்து மடியில் ஏறும் குட்டியை எடுப்பது

“அதுவே நம்மைத் தேர்ந்தெடுத்துச்சு” என்பார்கள். எல்லா ஈற்றிலும் முந்துகிற குட்டி ஒன்று இருக்கும், யார் வந்தாலும் அதுதான் முதலில் ஓடி வரும். விவரம் தெரிந்த ஆள் இருக்கிற வீட்டுக்கு அது நல்லது. வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு, கொஞ்சம் நின்று பார்த்து, அப்புறம் தயங்காமல் வருகிற குட்டிதான் சரி. கடைசி வரை மூலையை விட்டு வராததைப் பாவம் பார்த்து எடுக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கே மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தேற்றிக் கொண்டுவர அனுபவம் வேண்டும். ஒரே நாளில் முடிவு செய்யாமல், வேறு நேரத்தில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். முதல் முறை தூங்கி வழிந்தது, அடுத்த முறை ஆட்டம் போடும்.

ஒரே ஈற்றில் இரண்டு

எடுக்காதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உங்கள் பேச்சைக் கேட்காது.

வீட்டையும் வெயிலையும் மறப்பது

வழவழப்பான ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) குட்டி ஓடினால் கால் நாலு பக்கமும் வழுக்கும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு வாய்ப்புள்ள இனங்களுக்கு இது கெடுதல். குட்டி நடமாடும் இடத்தில் சாக்கோ ரப்பர் பாயோ விரியுங்கள். தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தார்களா என்றும் கேளுங்கள். சித்திரை வெயிலில் பக், ஹஸ்கி படும் பாட்டைப் பார்த்தவர்கள் அவற்றை இந்த ஊருக்குக் கொண்டுவர மாட்டார்கள். நம் ஊர் நாய் இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் இந்த வெயிலுக்குப் பிறந்தவை. ஆனால் ஓட இடம் வேண்டும். கட்டிப்போட்டு வளர்க்கிற இனம் இல்லை.

எடுத்து வரும் நாள்

காலையிலேயே கிளம்புங்கள், புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தீனி வேண்டாம். தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டைக் கேட்டு வாங்குங்கள். குட்டியை மடியில் வைத்துக்கொள்ள இன்னொரு ஆள் கூட வரட்டும். வழியில் டீக்கடை ஓரத்தில், தெருநாய் நடமாடும் மண்ணில் இறக்கிவிடாதீர்கள். என்ன தீனி கொடுத்தார்களோ அதையே ஒரு வாரம் கொடுத்து, அப்புறம் மெதுவாக மாற்றுங்கள். இரண்டு நாளுக்குள் உங்கள் டாக்டரிடம் காட்டி இதயம், தொப்புள், காது, ஆண் குட்டியானால் விதைகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குறை தெரிந்தால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக, எத்தனை நாளுக்குள் என்பதோடு, பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.