பெக்கோ நடைவழி: கூட்டாகப் புறப்பட்டுத் தனித்தனியாக நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில், கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, கொட்டகலை, நோர்வூட், அப்புத்தளை, எல்ல என்று மலையகத்தைச் சுற்றிவந்து நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைவழி 300 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலானது. 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட இந்த வழியின் பெரும்பகுதி, வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தேயிலையை மலையிலிருந்து இறக்குவதற்காக வெட்டப்பட்ட பழைய தோட்டப் பாதைகளே. அண்மைக் காலமாக இந்தப் பாதையில் நடக்க வரும் இளையோரைப் பார்க்கும்போது, எங்கள் வயதுக்காரர் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் வரிசை தவறாமல் செய்வது தெரிகிறது. புதுச் சப்பாத்தோடு வராதீர்கள், அட்டைக்குச் சவர்க்காரம் பூசுங்கள், மழைச்சட்டை எடுத்துவாருங்கள் என்பவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை நான் விட்டுவிடுகிறேன்.

22 கட்டங்களையும் ஒரே மூச்சில் முடிக்க நினைப்பது

இந்த வழியை ஒரே பயணத்தில் நடந்து முடித்தாக வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. வட்டகொடை, கொட்டகலை, அப்புத்தளை, தெமோதரை என்று பதுளை ரயில் பாதையின் நிலையங்கள் வழியோரத்திலோ எட்டும் தூரத்திலோ வந்துகொண்டே இருப்பதால், இரண்டு மூன்று கட்டங்கள் நடந்துவிட்டு வீடு திரும்பி, அடுத்த விடுமுறையில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எளிது. யார் வேண்டுமானாலும் எந்த ஊரிலிருந்தும் விலகிப் போகலாம், அதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பதைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொண்ட கூட்டங்களில் சண்டை வந்து நான் பார்த்தது குறைவு.

"நாங்கள் முன்னால் போகிறோம், நீ மெல்ல வா"

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். மற்றப் பிழைகள் காலைக் கடிக்கும். இது நட்பையே கடித்துவிட்டுப் போகும்.

நடப்பது வழக்கமாக இப்படித்தான். நான்கு பேர் சேர்ந்து புறப்படுவார்கள். முதல் ஏற்றத்திலேயே இருவர் முன்னால் போய்விடுவார்கள், ஒருவர் நடுவில், ஒருவர் கடைசியில். முன்னால் போனவர்கள் ஏற்றத்தின் உச்சியில், ஒரு சவுக்கு மரத்தடியிலோ கோயில் திண்ணையிலோ உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, கால் மணிநேரம் இளைப்பாறுவார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும், "வந்துட்டான், சரி கிளம்புவம்" என்று எழுந்துவிடுவார்கள். தாங்கள் காத்திருந்ததாகவே அவர்கள் மனமார நம்புகிறார்கள். ஆனால் களைப்பில்லாதவர்களுக்குக் கால் மணிநேர ஓய்வு, களைத்துப் போனவருக்கு ஒரு நிமிட ஓய்வும் இல்லை என்ற இந்தக் கணக்கு ஏற்றத்துக்கு ஏற்றம் தொடர்ந்தால், இரண்டாம் நாள் மாலைக்குள் அந்த ஆளின் முழங்கால் போய்விடும். மூன்றாம் நாள் அவர் பேசுவதை நிறுத்திவிடுவார். முன்னால் நடப்பவர்களோ, "இவனுக்கு என்ன வந்தது?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள்.

பொகவந்தலாவையைத் தாண்டி டயகம நோக்கிப் போகையில், ஒருமுறை மழைக்காக, பறித்த கொழுந்தை நிறுக்கும் ஒரு மடுவத்தில் ஒதுங்கினோம். உள்ளே, தராசு மாட்டும் கொக்கிக்குக் கீழே, நனைந்த படங்குச் சாக்கு ஒன்றின்மேல் ஓர் இளைஞர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். குதிகாலில் காலுறை இரத்தத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அதை உரிப்பதா வேண்டாமா என்று அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து தோழர்கள் மூவருடன் வந்தவர். "நாங்கள் முன்னால போறம், நீ மெல்ல வா மச்சான்" என்று காலையிலேயே சொல்லிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். மூடுபனி இறங்கிய நேரம், தோட்டத்தின் மேல்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும், அதாவது மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும், பாதை பிரிகிற முடக்கில் இவர் கீழ்ப் பாதையைப் பிடித்துவிட்டார். வழி காட்டும் வரைபடம் இருந்த கைபேசி முன்னால் போனவரிடம். நால்வருக்குமான ரொட்டியும் சம்பலும் இவருடைய பையில். கொழுந்து நிறுக்க வந்திருந்த ஓர் அம்மா, "இது கீழ்க்கணக்குக்குப் போற ரோட்டு தம்பி, ஒங்க ஆளுங்க மேல போயிருப்பாங்க. பனி விடட்டும், இங்கேயே ஒக்காருங்க" என்று சொல்லி, தம்முடைய போத்தலிலிருந்து தேத்தண்ணியையும் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா தடுத்திராவிட்டால், இவர் அந்தப் பாதையிலேயே இன்னும் கீழே இறங்கிப் போயிருப்பார்.

இரண்டு மணிநேரம் கழித்து நண்பர்கள் நனைந்து, பசித்து, திரும்பி வந்தார்கள். முதல் வார்த்தை காலைப் பற்றியதாக இருக்கவில்லை. "எங்கையடா போய்த் துலைஞ்சனீ?" என்பதாக இருந்தது. அவர் பதில் பேசாமல் ரொட்டிப் பொதியை எடுத்து அவர்கள் முன் வைத்தார். முன்பணம் கட்டி வைத்திருந்த அன்றிரவுத் தங்குமிடத்துக்கு அதற்குமேல் நடந்து போக முடியாது, பணம் போயிற்று. மறுநாள் காலை ஹட்டன் பஸ்ஸில் அவர் மட்டும் ஏறிப் போனார். மற்ற மூவரும் நடையைத் தொடர்ந்தார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

இதைத் தவிர்ப்பதற்குப் பெரிய பயிற்சி எதுவும் தேவையில்லை. மெல்ல நடப்பவரை வரிசையில் இரண்டாவதாக விடுங்கள். முதலாவதாக விட்டால் பின்னாலிருந்து நெருக்குகிறார்கள் என்ற எண்ணத்தில் அவர் தம் சக்திக்கு மீறி நடப்பார். பாதை நன்கு தெரிந்தவர் கடைசியில் வரட்டும். ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் பையை இறக்கிவைத்து உட்கார்ந்த பிறகே எண்ணத் தொடங்குங்கள். தோட்டப் பாதைகள் பிரியும் ஒவ்வொரு முடக்கிலும், எல்லோருடைய முகமும் கண்ணில் படும்வரை நில்லுங்கள்; மலைகளுக்கு இடையே கைபேசிச் சமிக்ஞை வரும் போகும், ஆகவே கூப்பிட்டுக் கேட்கலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். யாராவது திணறினால் அவருக்கு அறிவுரை சொல்வதைவிட, அவருடைய பையிலிருந்து இரண்டு கிலோவை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொள்வது உதவும். இன்னொன்று: ஏற்றத்தில் பறக்கிறவர் இறக்கத்தில் தடுமாறுவதுண்டு. பாசி படிந்த தோட்டக் கற்படிகளில் இறங்கும்போது வரிசையை மாற்றி அமையுங்கள். யார் மெல்ல நடப்பவர் என்பது ஒரே நாளில் இருமுறை மாறும்.

சாப்பாடு ஒருவரிடம், வரைபடம் ஒருவரிடம்

கூடாது. எல்லோருடைய பையிலும் ஒரு வேளை உணவும், எல்லோருடைய கைபேசியிலும் இணையமின்றித் திறக்கும் வரைபடமும் இருக்கட்டும்.

காசுக் கணக்கைக் கடைசியில் பார்ப்பது

ஒவ்வோர் இரவும் பாருங்கள்.

மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று எண்ணுவது

இந்த வழி மலையின் இரு பக்கங்களிலும் ஓடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி ஹட்டன், நோர்வூட் பக்கத்தை நனைக்கும்போது, ஊவாவில், அதாவது அப்புத்தளை, எல்லப் பக்கங்களில், வெயில் அடிப்பதுண்டு. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சி ஊவாவில் விழும். இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை இரு பக்கத்தையும் விடாது. நடையை விடியற்காலையில் தொடங்கி, மதியம் சாய்வதற்குள் முடித்துக்கொள்வது நல்லது.

மண்சரிவு எச்சரிக்கையை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்களோடு நான் நடப்பதில்லை. கொஸ்லந்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்து பாதைகள் துண்டிக்கப்பட்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் வந்தாலே நடையைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

லயத்து வாசலைக் காட்சிக்கூடமாக நினைப்பது

பாதை சில இடங்களில் லயங்களை ஒட்டியே போகும். இஸ்தோப்பில், அதாவது வீட்டுத் திண்ணையில், ஒருவர் தலை வாரிக்கொண்டிருப்பார், பீலித் தண்ணீரில் ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார். கமெராவை உள்ளே வைத்துவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போங்கள். மலையில் கொழுந்து எடுப்பவர்களை நிறுத்திக் கதை கேட்பதும் சரியல்ல. அவர்களுடைய நாட்சம்பளம் எடுக்கும் கொழுந்தின் நிறையைப் பொறுத்தது. மருந்தடிக்கும் மலைக்குள் குறுக்கே போகாதீர்கள். செடிகளுக்கு இடையில் குறுக்குவழி தேடுபவர்கள், புல் மூடிய கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், இடுப்பளவு விழுவதும் உண்டு.

நீண்ட நடை இந்த மக்களுக்குப் புதிதல்ல. அவர்களுடைய முன்னோர், தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து கரையிறங்கிய மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். அதை நினைவுகூர்ந்து 2023இல், மலையகம் 200 என்ற பெயரில், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மறுபடியும் நடந்தார்கள். "எவ்வளவு தூரம் நடக்கிறோம் தெரியுமா" என்று லயத்து வாசலில் நின்று பெருமையடிக்கும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள். காசை நீட்டாதீர்கள், பெரும்பாலும் மனம் புண்படும். அடுத்த கடையில் சீனியோ பிஸ்கட்டோ வாங்கி, அந்தப் பக்கம் போகிறவரிடம் கொடுத்தனுப்பலாம்.

குளவிக்கூடு

தோட்டத்தில் குளவிக் கொட்டுக்கு இலக்காகி ஆட்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுவது மலையகச் செய்திகளில் அடிக்கடி வருவது. மரத்தில் கூட்டைக் கண்டால் கூச்சல், கல், டிரோன் எதுவும் வேண்டாம். வந்த வழியே சத்தமில்லாமல் திரும்புங்கள். வாசனைத் திரவியத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

"படம் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவது

நடைவழியில் கிடைக்கும் நட்பில் பாதி, இரவு தங்கிய வீட்டாருடையதும், பாதை காட்டி அழைத்துப் போன பிள்ளைகளுடையதும்தான். நடக்க வருகிறவர்கள் எல்லோரையும் வாசலில் நிறுத்திப் படம் எடுப்பார்கள், "கட்டாயம் அனுப்புவோம் அக்கா" என்பார்கள், அனுப்பமாட்டார்கள். நான் தங்கும் ஒரு வீட்டில் அந்த அக்கா ஒவ்வொரு முறையும், "போன மாசம் வந்த அந்தப் புள்ளைங்க படம் ஒங்களுக்கு வந்திச்சாங்க?" என்று என்னிடம் கேட்கிறார், அந்தப் பிள்ளைகள் யாரென்றே எனக்குத் தெரியாது. அச்சிட்டுத் தபாலில் அனுப்புவதாக இருந்தால், ஆளின் பெயரோடு தோட்டத்தின் பெயர், கணக்கின் பெயர், லய இலக்கம் ஆகியவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் கடிதங்கள் பெரும்பாலும் தோட்ட அலுவலகம் வழியாகவே லயத்துக்குப் போகும். அதைவிட இலகு, அந்த வீட்டு மகனிடமோ மகளிடமோ வாட்ஸ்அப் இலக்கத்தை வாங்கிக்கொள்வது. அடுத்த சந்திக்கு இறங்கிச் சிக்னல் கிடைத்ததும், கடையில் பிளேன்டிக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் அனுப்பிவிடலாம்.