குடல் புண்ணுக்கு நாட்டு மருந்து தேடுறீங்களா, அதுக்கு முன்னாடி இதப் படிங்க

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு, அதான் பெருங்குடல்ல புண்ணு வர்ற வியாதின்னு சொல்லி இது ஒன்பதாவது வருசம். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துல உதிரிப்பழம் பொறுக்குற வேல. மொதமொத ரத்தம் போனப்ப லயத்துல எல்லாரும் சொன்னது ஒடம்பு சூடு, மூலமா இருக்கும், எளநி குடின்னுதான், நானும் ஒரு வருசம் மூலத்துக்கே மருந்து தின்னுக்கிட்டு இருந்தேன். அந்த ஒரு வருசம் வீணாப் போச்சு. ரத்தமும் சளியும் கலந்து ரெண்டு வாரத்துக்கு மேல போச்சுன்னா சூடுன்னு விட்டுடாதீங்க, ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி கவர்மெண்ட் கிளினிக்ல காட்டி பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் கேளுங்க, உள்ள கேமரா விட்டு சதை எடுத்துப் பாத்தாதான் நிச்சயமாச் சொல்ல முடியும். மலேசியாவுல செஞ்ச ஆய்வுலயே மத்த இனத்த விட நம்ம இந்திய ஆளுங்களுக்குத்தான் இந்த வியாதி கூடுதலா வருதுன்னு பாத்திருக்காங்க.

இது பெருங்குடலோட உள்தோல் வீங்கிப் புண்ணாகுறது, ஆசனவாய்கிட்ட ஆரம்பிச்சு மேல ஏறும். கொஞ்ச நாள் அடங்கும், திரும்பக் கெளம்பும். அடங்கி இருக்கறப்பதான் நம்ம மனசு தடுமாறும், நல்லாத்தான இருக்கோம் மாத்திர எதுக்குன்னு. நாலாவது வருசம் நான் அப்படித்தான் ஏமாந்தேன். சொந்தக்காரங்க ஒரு வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க, அவரு இங்கிலீஷ் மருந்த நிறுத்துன்னாரு, நானும் இந்த வியாதிக்கு டாக்டர் குடுத்த மெசாலசின் மாத்திரைய நிறுத்திட்டு அவரு குடுத்த பொடிய ரெண்டு வேள தேன்ல கொழச்சு சாப்பிட்டேன். மூணு வாரம் ஒண்ணும் இல்ல, அஞ்சாவது வாரம் ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவ, கடைசில ரெண்டு பை ரத்தம் ஏத்தி ப்ரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டு மருந்து குடுத்தாங்க, மொகம் பானை மாதிரி வீங்கிப் போச்சு. அந்த ப்ரெட்னிசோலோனையும் மொகம் வீங்குதேன்னு திடீர்னு நிறுத்தக் கூடாது, டாக்டர் சொன்ன கணக்குல படிப்படியாத்தான் கொறைக்கணும்.

அதுக்காக நாட்டு மருந்தே வேணாம்னு நான் சொல்லல, நானும் இன்னிக்கு வரைக்கும் சிலது எடுக்கறேன். ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்ல, மாத்திரையோட. டாக்டர்கிட்ட ஒளிக்காமச் சொல்லுங்க, ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ண மட்டும் ஆரம்பிங்க, அதுவும் வயிறு அடங்கி இருக்கறப்ப. மகனோட பழைய எக்சசைஸ் புக்குல தெனம் ஒரு வரி எழுதி வைக்கறேன்: ‘செவ்வாய், 3 தடவ, ரத்தம் இல்ல, ராத்திரி எந்திரிக்கல, மோர் சோறு.’ ஒரு மாசம் எழுதுனா போதும், எது ஒத்துக்குது எது ஒத்துக்கலன்னு அந்தத் தாளே சொல்லிடும், பக்கத்து வீட்டு அக்கா சொல்ல வேண்டியதில்ல.

மஞ்சள எடுத்துக்கோங்க. 2006ல ஜப்பான்ல வழக்கமான மாத்திரையோட சேத்து தெனம் 2 கிராம் குர்குமின் குடுத்து ஆறு மாசம் பாத்ததுல வியாதி திரும்பக் கெளம்புனவங்க கொறவு. ஆனா அது மஞ்சள்லேருந்து பிரிச்சு எடுத்த சத்து, நம்ம சமையல் மஞ்சள்ல அது நூத்துல மூணு பங்கு அளவுதான், அதனால ராத்திரி ஒரு ஸ்பூன் மஞ்சப் பால் குடிச்சுட்டு மாத்திரைய விட்டுடாதீங்க. இசப்கோல்ங்கிற நார்ச்சத்து உமி வயிறு அடங்கி இருக்கறப்ப எனக்கு நல்லா ஒத்துக்குது, நெறைய தண்ணி குடிக்கணும். நிலாவரை, திரிபலா, பேதிக்குக் குடுக்கற எதையும் நான் கிட்ட சேக்கறதில்ல. சின்சே கடைல, அதான் சீன மருந்துக் கடைல கெடைக்கற சிங் டாய்ங்கிற நீலப் பொடி சிலருக்குக் கேக்குது, உண்மைதான், ஆனா நுரையீரல் ரத்தக்குழாயில அழுத்தம் ஏறுதுன்னு 2016ல ஜப்பான் அரசாங்கமே எச்சரிச்சிருக்கு. பற்பம் செந்தூரம்லாம் சிலதுல ஈயம் பாதரசம் கண்டுபிடிச்சிருக்காங்க. இங்க வாங்குற ஜாமு (மலாய் மூலிகை மருந்து) பாட்டில்ல எம்ஏஎல் (MAL) பதிவு நம்பர் இருக்கா, கடைசில டி (T) எழுத்து இருக்கான்னு பாருங்க, இல்லன்னா வாங்காதீங்க, ஸ்டீராய்டு கலந்து விக்கறவங்கள இங்க பல தடவ புடிச்சிருக்காங்க.

இன்னொண்ணு, வேல முடிஞ்சு ஒடம்பு வலிக்குதுன்னு பொன்ஸ்டான் போடுற பழக்கம். அந்த மாதிரி வலி மாத்திர சிலருக்குக் குடலக் கெளப்பி விட்டுடும், பாராசிட்டமாலோட நிறுத்திக்கோங்க.

கெளம்பியிருக்கற நாள்ல கொழஞ்ச கஞ்சி, வாழப்பழம், முட்டை, தோலெடுத்த உருளக்கெழங்கு. ரொட்டி சானாய், சம்பல், பச்சக் காய் எனக்கு ஆகாது, உங்களுக்கு ஆகுதான்னு புக்கப் பாத்துக்கோங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதுக்கு மேலயோ ரத்தமாப் போயி காய்ச்சலோ படபடப்போ இருந்தா, இல்ல வயிறு உப்பிக் கல்லு மாதிரி ஆச்சுன்னா, வீட்டு வைத்தியம் பாக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

பொம்பளைங்களுக்கு வேலக்காட்டுல கக்கூசு கெடையாதுங்கறதுதான் பெரிய கஷ்டம். நான் வெக்கத்த விட்டு மண்டோர்கிட்ட (வேல மேற்பார்வை பாக்கறவரு) சொன்னேன், “அண்ணே, எனக்கு இந்த வியாதி, ரோட்டோரத்து நெரையக் குடுங்க”ன்னு, அவரும் மறுபேச்சு பேசாமக் குடுத்தாரு. பையில ஒரு கைலி, உள்பாவாட, தண்ணி, டிசு எப்பவும் இருக்கும். விடியக்காலம் ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே எந்திரிச்சு கஞ்சி குடிச்சு ரெண்டு தடவ போயிட்டு வந்துடுவேன்.

எட்டு வருசம் தாண்டிட்டா புத்து நோய் வருதான்னு கேமரா போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும், நல்லா இருந்தாலும். எனக்கு அடுத்த மாசம் ஈப்போல தேதி குடுத்திருக்காங்க, எக்சசைஸ் புக்கையும் எடுத்துட்டுப் போறேன்.