கண்டல் நடுவதற்கு முன் யாரோடு, என்ன கதைப்பது

யாழ்ப்பாணக் கடல்நீரேரிக் கரையில், உப்புத்தண்ணிச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை நடும் திட்டம் ஒன்றைத் தொடங்கப் போகிறீர்கள் என்றால், கன்று தேடும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் திணைக்களம், கடற்றொழிலாளர் சங்கம், பாடசாலை என்று இதில் சேரும் பங்காளிகள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே போய், "உங்களால் எது ஏலாது?" என்று கேளுங்கள். அரியாலை, சரசாலைப் பக்கங்களில் ஒருங்கிணைப்பு வேலை பார்க்கும் எனக்கு இந்தக் கேள்வி உதவிய அளவுக்கு வேறொன்றும் உதவியதில்லை. "என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் எல்லாரும் எல்லாம் செய்வோம் என்பார்கள். கூட்டமும் தேத்தண்ணியோடு சந்தோஷமாக முடியும்.

ஏலாதவற்றைக் கேட்டால்தான் சிக்கல் வெளியே வரும். அரச அலுவலகங்களின் கணக்கு டிசம்பர் 31இல் முடிகிறது. நடுவதற்கு வசதியான காலமோ ஐப்பசி, கார்த்திகை. மழை விழுந்து நீரேரியின் உப்பு இறங்கும் நேரம். அலுவலர்கள் பில்லும் வவுச்சருமாக ஓடித்திரிவதும் அதே கிழமைகளில்தான். இறால் நன்றாகப் படும் நாட்களில் கடற்றொழிலாளர்கள் தொழிலை விட்டுவிட்டு வரமாட்டார்கள், வரச்சொல்வதும் நியாயமில்லை. தவணைப் பரீட்சை நேரத்தில் பாடசாலைப் பிள்ளைகள் இல்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறினால் 25 நாளும் கூட்டம் வைக்காதீர்கள். பாசையூர்ப் பக்கம் என்றால் ஜூனில் அந்தோனியார் திருவிழாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் ஒரே தாளில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். கொழும்பிலுள்ள தலைமை அலுவலகம் வாசிக்க முடியாத தாள் கோப்புக்குள்ளேயே தூங்கும்.

அடுத்த முடிச்சு காணி. ஒரே கரையில் ஒரு துண்டு வனவளத் திணைக்களத்தின் கீழும் அடுத்த துண்டு வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழும் இருக்கலாம். சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவானது. அங்கே கேட்க வேண்டியது வனஜீவராசிகளிடம். 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கரையோர வலயம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை வருகிறது. இடையில் தனியார் உறுதிக்காணியும் இருக்கும். யாரிடம் எந்த அனுமதி வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். "ஓம், பார்ப்பம்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் குழி வெட்டாதீர்கள்.

காணி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. போருக்குப் பிறகு வடக்கில் எல்லைக்கல்லைக் கண்டாலே சனத்துக்குப் பயம், காணி போய்விடுமோ என்று. அந்தப் பயத்தை அறியாமை என்று நினைக்கும் திட்ட அலுவலரை நான் மதிப்பதில்லை. கயிறு கட்டுவதற்கு முதல் நாள் சனசமூக நிலையத்தில் வரைபடத்தை ஒட்டி, எந்தக் காணி இதற்குள் வராது என்பதை முதலில் சொல்லுங்கள். கிராம அலுவலரும் பக்கத்தில் நின்றால் நல்லது.

கூட்டம் வைப்பதற்கு முன் எல்லாரையும் சேற்றில் நடக்க வையுங்கள். வற்று நேரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, திணைக்கள அலுவலரும் கடற்றொழிலாளர் சங்கத் தலைவரும் ஒன்றாக நடக்க வேண்டும். எங்கே வலை இழுப்பார்கள், எங்கே கையால் தடவி இறால் பிடிப்பார்கள், எங்கே தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும், கண்ணா என்ற கண்டல் வகை தானாக முளைக்கும் இடம் எது, பூநாரை இறங்கும் வெட்டை எது என்பதெல்லாம் அந்த நடையில்தான் தெரியவரும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட கண்டல்களில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. பொருந்தாத இடத்தில், பெரும்பாலும் நீண்ட காய்க் கண்டலையே குத்தியது அதற்கு முக்கிய காரணம். கரைச் சனத்திடம் கேட்டிருந்தால் பாதிப் பிழை தவிர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நடக்கும்போது விறகு பொறுக்கும், ஆட்டுக்குக் குழை முறிக்கும் பெண்களையும் கூப்பிடுங்கள். சங்கக் கூட்டங்களில் அவர்கள் அநேகமாக இருப்பதில்லை. ஆனால் கன்றை ஆடு கடிப்பதும் கடிக்காததும் அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்குப் பின்னேரம் நாலு மணிதான் தோதான நேரம். வேலி யார் போடுவது, பிய்ந்தால் யார் செலவில் திருத்துவது என்பதை அங்கேயே முடிவெடுங்கள்.

தொடர்புக்கு வாட்ஸ்அப் போதும். ஆனால் குழு இரண்டு வேண்டும். ஒன்றில் திகதியும் முடிவும் மட்டும். மற்றதில் காலை வணக்கம், சாமி படம், எது வேண்டுமானாலும். எழுத வசதியில்லாத ஐயாமாருக்குக் குரல் பதிவு அனுப்புங்கள், அவர்களும் குரலிலேயே பதில் தரட்டும். கரையில் நிற்கும் ஒரு பனையை அடையாளம் வைத்து, மாதாமாதம் அதே இடத்தில் நின்று படம் எடுத்துப் போட்டால், கன்று நிற்கிறதா செத்ததா என்ற வாக்குவாதம் குறையும். செத்த கன்றின் எண்ணிக்கையையும் மறைக்காமல் போடுங்கள்.

காசுக் கணக்கை சனசமூக நிலைய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கூலி யாருக்கு, படகு வாடகை எவ்வளவு, எல்லாம். கணக்குத் தெரியாத இடத்தில்தான் கதை வளரும்.

கடைசியாக, அலுவலருக்கு இடமாற்றம் வரும், நிச்சயம் வரும். அவர் போவதற்கு முன் கடிதங்கள், வரைபடம், அந்த ஏலாமைத் தாள் எல்லாவற்றிலும் ஒரு பிரதியைச் சங்கக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். புதியவர் பொறுப்பேற்ற முதல் கிழமையே, சங்கத்திலிருந்து ஒருவரையும் கூட்டிக்கொண்டு நேரில் போய், நடந்த கரைக்கே அவரையும் அழைத்துப் போங்கள்.