வைஃபையில் கோப்பை நகலெடுக்கும்போது வேகம் எங்கே குறைகிறது?

மடிக்கணினியிலிருந்து மேசைக்கணினிக்கு 4 ஜிபி வீடியோ ஒன்றை வைஃபை வழியாக நகலெடுத்தபோது, இணைப்பின் வேகம் 300 என்று காட்டிய அதே திரையில் நகலெடுக்கும் வேகம் 9-ஐத் தாண்டவில்லை. ரவுட்டர் பழுதாகிவிட்டது என்றே நம்பினேன். ஆனால் எதுவும் பழுதாகியிருக்கவில்லை. கோப்புப் பகிர்வு ஏற்கெனவே வேலை செய்கிறது என்று கொண்டு, நான் சோதித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் அலகைச் சரிபாருங்கள். இணைப்பின் வேகத்தை மெகாபிட்டிலும், நகலெடுக்கும் வேகத்தை மெகாபைட்டிலும் காட்டுவார்கள். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட் என்பதால், 300 மெகாபிட் என்பது 37.5 மெகாபைட் மட்டுமே.

அடுத்து, அந்த 300 என்ற எண்ணை விண்டோஸில் வைஃபையின் பண்புகள் பக்கத்திலும், மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைச் சொடுக்கியும் பார்க்கலாம். அது காற்றில் பிட்டுகள் பாயும் வேகமே தவிர, கோப்பு நகரும் வேகம் அன்று. அனுப்பும் தரவுக்கு ஒப்புகை (வந்து சேர்ந்தது என்ற பதில்) வரவேண்டும். அலைவரிசையில் வேறு கருவி பேசினால் காத்திருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் நேரம் போக, ஏறத்தாழ பாதிதான் கோப்புக்குக் கிடைக்கும். ஆக, 18 மெகாபைட் வந்திருக்க வேண்டும்.

எனக்கு வந்ததோ 9. இந்த இடத்தில்தான் நான் வெகுநேரம் தடுமாறினேன். இரண்டு கணினிகளும் வைஃபையில் இருந்தால், அவை பொதுவாக ஒன்றுடன் ஒன்று நேரடியாகப் பேசுவதில்லை. ஒவ்வொரு துண்டும் மடிக்கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து மேசைக்கணினிக்கு மறுமுறை என இருமுறை காற்றில் பயணிக்கிறது. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், கிடைத்த பாதியும் மீண்டும் பாதியாகிறது. மேசைக்கணினியை ஈதர்நெட் கம்பியால் ரவுட்டரில் இணைத்தவுடன், வேறெதையும் மாற்றாமலேயே வேகம் 17-க்கு உயர்ந்தது.

இதை உறுதிசெய்ய நான் பரிந்துரைப்பது, இரண்டு கணினிகளுக்கு இடையிலான வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியை மட்டுமே. இணைய வேகச் சோதனைத் தளங்கள் வெளி இணைப்பையும் சேர்த்தே அளப்பதால் இங்கே பயன்படா. ஒரு கணினியில் ஐபெர்ஃப்3-ஐச் சர்வராகவும் (காத்திருக்கும் பக்கம்) மற்றதில் கிளையண்டாகவும் (அழைக்கும் பக்கம்) இயக்குங்கள். இணைய மறுத்தால், சர்வர் கணினியின் ஃபயர்வால் 5201 என்ற போர்ட்டை (இக்கருவி பயன்படுத்தும் இணைப்பு எண்) தடுக்கிறதா என்று பாருங்கள். இக்கருவி வழக்கமாக வட்டைத் தொடுவதில்லை. எனவே இதில் நல்ல வேகம் வந்தும் கோப்பு மெதுவாக நகர்ந்தால், காரணம் வட்டாகவோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளாகவோ இருக்கலாம்.

இதிலும் வேகம் குறைவாக வந்தால், ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இருக்க வேண்டுமானால் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இடைப்பட்ட சேனல்கள் இருபுறமும் உரசும்.

பின்சேர்க்கை: கம்பியால் இணைத்த பிறகும் 11 மெகாபைட்டிலேயே நிற்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: ஈதர்நெட் இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது. ரவுட்டரில் கம்பியைச் செருகும் போர்ட்டே அவ்வளவுதான் தாங்கும் என்றால் ரவுட்டரை மாற்றாமல் வழியில்லை. போர்ட் கிகாபிட்டாக இருந்தால் கம்பியை மாற்றிப் பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு உள்ளிருக்கும் எட்டு இழைகளில் நான்கே போதும், கிகாபிட்டுக்கோ எட்டும் வேண்டும் என்பதால், மற்ற நான்கில் ஓர் இழை அறுந்தாலும் கம்பி வேலை செய்வதுபோலவே தோன்றும்.