ஸ்கானில் பிள்ளையின் மூத்திரப்பை வீங்கித் தெரிந்தால்: டர்பன் தாய்மாருக்கு

"பிள்ளைக்குக் கிட்னியில் நீர் கோத்திருக்கு" என்று ஸ்கான் அறையில் சொன்னதும் வீட்டில் எல்லாரும் கிட்னியைப் பற்றியே கேட்பார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பனிக்குட நீர் எவ்வளவு என்று. 16 வாரத்துக்குப் பிறகு அந்த நீரில் பெரும்பங்கு பிள்ளையின் சிறுநீர்தான். அதை இழுத்து விட்டுத்தான் நுரையீரல் வளர்கிறது. பிள்ளையின் சிறுநீர் வழி அடைத்தால் நீர் வற்றும், நீர் வற்றினால் நுரையீரல் தேறாது. பிறந்த கையோடு வரும் ஆபத்து அங்கேதான், கிட்னியின் கணக்கு அதற்கப்புறம்.

மெட்டர்னிட்டி கேஸ் ரெக்கார்டில் மூன்று அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். பனிக்குட நீரின் ஆழமான இடம் 2 செ.மீ.க்குக் கீழே போனால் குறைவு. கிட்னிக்குள் சிறுநீர் சேரும் இடம் 28 வாரத்துக்கு முன் 4 மி.மீ., அதற்குப் பின் 7 மி.மீ. தொட்டால் விரிவு. மூன்றாவது, மூத்திரப்பை காலியாகிறதா என்பது. ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியாது. அரைமணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரு பக்கக் கிட்னியில் மட்டும் விரிவு, மூத்திரப்பை நிறைந்து காலியாகிறது, நீரும் போதுமானது என்றால் ஊசி எதுவும் வேண்டாம். மறு ஸ்கான் போதும். பை காலியாகாமல், சுவர் தடித்து, அடிப்பகுதி சாவித்துவாரம்போல் தெரிந்தால், ஆண்பிள்ளையென்றால், சிறுநீர்த்தாரையில் ஜவ்வு அடைத்திருக்கலாம். 10 முதல் 14 வாரத்தில் பை 7 மி.மீ.க்கு மேல் இருந்தாலே கவனம் வேண்டும், 15 மி.மீ. வரை, குரோமோசோம் சரியாக இருந்தால், பெரும்பாலும் தானே வடிந்துவிடும்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் கிளினிக்கில் பார்ப்பவர்கள் ரெஃபரல் கடிதம் வாங்கி இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்குப் போக வேண்டும்; நேரே போனால் பார்க்கமாட்டார்கள். அடுத்த மாத விசிட் வரட்டும் என்று இருக்காதீர்கள். 16 முதல் 26 வாரம் வரைதான் நுரையீரலுக்கு முக்கியமான காலம்.

அங்கே முதலில் வேறு குறை உண்டா என்று முழு ஸ்கானும் குரோமோசோம் சோதனையும். பிறகு பையிலிருந்து மெல்லிய ஊசியால் சிறுநீர் எடுப்பார்கள், 24 முதல் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. முதல் தடவை வருவது தேங்கிக் கிடந்த பழைய நீர். கடைசித் தடவைதான் கிட்னியின் உண்மையான நிலையைக் காட்டும். அதில் சோடியம் என்ற உப்பு லிட்டருக்கு 100 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் நல்லது. உப்பு மிகுந்தால் கிட்னி ஏற்கெனவே கெட்டிருக்கிறது.

இந்தச் சோதனைகளில் தேறினால் ஷண்ட் வைக்கலாம்: இரு முனையும் சுருண்ட சிறு குழாய், ஒரு முனை பையில், மறுமுனை பனிக்குடத்தில். நீர் வற்றிப் பனிக்குடத்தில் இடமில்லாவிட்டால் முதலில் அங்கே உப்புநீர் ஏற்றுவார்கள். குழாய் நழுவும், அடைக்கும், சில சமயம் நீர்க்குடமே உடையும். அதனால் வாராவாரம் ஸ்கான். ஷண்ட் பலன் தருமா என்று பார்த்து 2013-இல் வெளியான புளூட்டோ ஆய்வில் சேர்ந்தது 31 தாய்மார்தான்; இரண்டு வயதில் கிட்னி சரியாக இருந்த பிள்ளைகள் இரண்டே பேர். ஷண்ட் நுரையீரலுக்காக, கெட்ட கிட்னியை அது திருப்பித் தராது. இதைக் கையெழுத்துப் போடுமுன் கேட்டுத் தெளியுங்கள்.

வீட்டில் பார்லித் தண்ணி குடிக்கலாம், அடைப்பை அது திறக்காது. புரட்டாசி விரதத்தில் தண்ணீரை மட்டும் விடாதீர்கள். இடுப்புவலிக்குக் கடையில் புரூஃபன் வாங்கவே கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரையே குறைக்கும். எனலாப்ரில் வகை பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். வலிக்குப் பாராசிட்டமால்.

பிரசவம் குழந்தை அறுவை மருத்துவர் உள்ள இடத்தில் நடக்கட்டும். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ஜவ்வு சந்தேகம் என்றால் பிறந்ததும் 5 அல்லது 6 நம்பர் ஃபீடிங் ட்யூபைச் சிறுநீர் வழியே விடுவார்கள். பலூன் வைத்த குழாய் வேண்டாம், அது மூத்திரப்பையை இறுக்கும். கிட்னியின் நிலையைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் முதல் நாள் உங்களுடையது, பிள்ளையுடையது அல்ல. மூன்றாம் நாள் எடுத்ததைப் பாருங்கள். லேசான விரிவுக்கான ஸ்கானும் 48 மணி நேரம் கழித்துத்தான். அதற்கு முன் பிள்ளை சிறுநீர் குறைவாகவே பெய்யும், விரிவு கண்ணில் படாமல் போய்விடும்.